அப்பாவை வழியனுப்பு

புயல் பாடம் டேப்பில் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று சூசையப்பர்துறை ஹெட்மாஸ்டர் தொம்மை சார் போன் போட்டபோது, எனக்கு வந்த முதல் கோபம் டேப் மேல்தான். பிள்ளைகள் பாடம் படிக்கக் கடற்கரைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த டேப்லெட் அது. அந்த உப்புக் காற்றில் இரும்பு கேட்டே துருப்பிடித்துக் கொட்டுகிறது, இது எங்கே தாங்கப்போகிறது? அப்படியே அவரிடமும் சொன்னேன்.

"டேப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். மத்த பாடமெல்லாம் திறக்குது. உங்க புயல் மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார் தொம்மை சார்.

"உங்க புயல்" என்று அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அந்தப் பாடத்தை எழுதியவள் நான். முன்னே அறிவியல் டீச்சர். இப்போது தூத்துக்குடியில், மக்ரூன் கடைக்கு மேலே இருக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பிள்ளைகளுக்குக் கதைப்பாடம் எழுதுகிறேன். நாளெல்லாம் முந்திரியும் சர்க்கரையும் மணக்கும். வந்த புதிதில் நாக்கு ஊறும், இப்போது அந்த வாசனை வந்தாலே எரிச்சலாக இருக்கிறது.

கம்பெனியில் மனுஷர்கள் நாலே பேர். மீதி வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஏஐ ஏஜென்டுகள் பார்க்கும். நான் தமிழில் ஒரு பத்தி சொன்னால் போதும். ஒரு ஏஜென்ட் அதற்குப் புரோகிராம் எழுதும், ஒன்று படம் போடும், ஒன்று சோதித்துப் பார்த்துப் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை விழுந்தால்தான் பிள்ளைகள் கைக்குப் போகும். இதுகளை எல்லாம் கட்டி மேய்க்கிற பெரிய ஏஜென்டுக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் மேஸ்திரி.

பாடம் இதுதான். கதையில் பிள்ளையின் பெயர் 'நீ'. நீ ஐந்தாம் வகுப்பு. காற்று திசை மாறியிருக்கிறது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். நீ என்ன செய்வாய்? திரையில் மூன்று பொத்தான் வரும். 'அப்பாவைத் தடு.' 'அப்பாவை வழியனுப்பு.' 'நீயும் கூடப் போ.' தடுத்தால் அப்பா கேட்டுக்கொள்வார். காற்றழுத்தம் பற்றி நாலு வரி, ஒரு சபாஷ், பாடம் முடிந்தது. மற்ற இரண்டிலும் படகு கவிழும். பிள்ளை 'திரும்பிப் போ' என்ற பொத்தானை அமுக்கி, திருந்தி, சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகளின் கற்பனை வளரட்டும் என்று ஒரு மைக்கும் வைத்தோம். பொத்தான் பிடிக்கவில்லையா, வாயால் சொல். நீ சொன்னதற்கு ஏற்றபடி மேஸ்திரி அந்த நிமிஷமே புதுக் கிளை கட்டிக் கொடுக்கும். 'பிள்ளை கேட்கிற வரை கட்டு' என்பது அதற்குக் கொடுத்த உத்தரவு.

ஏஜென்டுகளைப் பார்த்துக்கொள்கிறவன் இசக்கிராஜா. சாயங்காலம் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, ஒண்ணு காட்டுதேன். கோவப்படாதிய."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வந்துரும். காட்டு."

அவன் திரையில் காட்டியது எங்கள் கதையின் மரப்படம். வழக்கமாக நாற்பது ஐம்பது கிளை இருக்கும். இதில் ஒரு பக்கம் மட்டும் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. 'அப்பாவை வழியனுப்பு' என்ற பொத்தானுக்குக் கீழே பதினோராயிரம் கிளை. மேஸ்திரி கட்டுகிற கிளை எல்லாம் எல்லா டேப்புக்கும் சேர்ந்தே போகும். அத்தனையையும் சுமக்க முடியாமல்தான் பாடம் சுற்றிக்கொண்டே கிடந்திருக்கிறது.

"எத்தன பிள்ளைங்கலே இதுக்கு?"

"ஒரே பிள்ளைக்கா. விளமீன்."

பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதுவும் எங்களுக்கு வராது. சட்டம் அப்படி, நாங்களும் பெருமையாகத்தான் அதைச் செய்தோம். ஒவ்வொரு டேப்புக்கும் ஒரு மீன் பெயர் விழும், அவ்வளவுதான். குரலும் வராது. பிள்ளை பேசியது டேப்பிலேயே எழுத்தாகி, குரல் அங்கேயே அழிந்துவிடும். அந்த எழுத்தையும் இன்னொரு ஏஜென்ட் பாடப்புத்தகத் தமிழாகத் திருத்தித்தான் எங்களுக்குக் காட்டும். பிள்ளைகள் நல்ல தமிழ் பழக வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டுச் செய்த ஏற்பாடு அது.

நானும் இசக்கியும் உட்கார்ந்து விளமீனின் கிளைகளை வாசித்தோம். ஒரு தடவைகூட அந்தப் பிள்ளை 'தடு'வைத் தொடவில்லை. கதைக்குள் வருகிறது, நேராக 'வழியனுப்பு'. அப்பா போகிறார், படகு கவிழ்கிறது, அப்பா செத்துப்போகிறார். 'திரும்பிப் போ' பொத்தான் மினுங்குகிறது. விளமீன் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மைக்கை அமுக்கிச் சொல்லியிருக்கிறது: "பிள்ளை நாளை பள்ளிக்கூடம் போகட்டும்."

மேஸ்திரி பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்திருக்கிறது.

"பிள்ளை மத்தியானம் என்ன சாப்பிட்டான்?" மேஸ்திரி சோறும் குழம்பும் எழுதியிருக்கிறது. "மீனில் முள் இருக்கும். எடுத்துக் கொடு." எடுத்துக் கொடுத்திருக்கிறது. "பிள்ளைக்குக் காய்ச்சல் வர வேண்டாம்." வரவில்லை. இப்படியே அந்தக் கதைப்பிள்ளை ஆறாம் வகுப்பு போய், கணக்கு சாரிடம் திட்டு வாங்கி, பம்பரம் விட்டு, ஏழாம் வகுப்பு போய், நீல சைக்கிள் ஒன்று வாங்கி, முழங்காலில் சிராய்த்துக்கொண்டு, எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். அத்தனை வருஷமும் அப்பா கடலுக்கடியில் கிடக்கிறார். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"என்னக்கா இது, அப்பன அனுப்பி வச்சுட்டு நிம்மதியா கதை கேக்குது?" என்றான் இசக்கி.

இருபது பிள்ளை உள்ள வகுப்பில் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன், எவன் வீட்டில் அடி விழுகிறது என்று. இந்தப் பிள்ளைக்குக் கண் இல்லை, முகம் இல்லை, ஒரு மீனின் பெயர்தான் இருக்கிறது. கடவுளே, எந்தக் குடிகாரன் கையில் மாட்டிக்கொண்டு எந்த மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறதோ என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

கதைக்குள்ளேயே ஒரு டீச்சரை நுழைத்து அதனிடம் கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். 'உன்னை யாராவது அடிக்கிறார்களா?' என்று எழுதினேன். சிவப்பு. பிள்ளைகளிடம் சொந்த விஷயம் கேட்கக் கூடாது. 'நீ எந்த ஊர்?' சிவப்பு. 'உனக்கு ஏதாவது கஷ்டமா?' அதற்கும் சிவப்பு. அந்த விதிகளை எழுதிய கூட்டத்தில் நானும் பஜ்ஜி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன், நல்ல விதிகள்தான். கடைசியில் 'கதையில் வரும் அப்பா மேல் உனக்குக் கோபமா?' என்று எழுதினேன். கதையைப் பற்றிய கேள்வி என்பதால் பச்சை விழுந்தது.

மறுநாள் பதில் வந்தது. "ஆம். அவர் திரும்பி வர வேண்டாம்."

முதலாளி கில்பர்ட் சார் அதை இரண்டு தடவை வாசித்தார். எங்களுக்குப் பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் அடுத்த வாரம் பார்வையிட வருகிறார்கள்.

"ஜெசிந்தா, ஒரு அஞ்சாங்கிளாஸ் பிள்ள அப்பன் சாவட்டும்ங்குது. நம்ம கதை அதுக்குத் தீனி போட்டுக்கிட்டு இருக்கு. இதக் கையோட மூடிருவோம்."

"மூடிட்டா அந்தப் பிள்ளைய அப்புறம் எப்படி சார் பிடிக்க? நமக்கு இருக்கிற ஒத்த நூல் இதுதான்."

"நூலப் பிடிச்சு எங்க போகப்போறிய? யாருன்னே தெரியாதே."

மதுரையில் இருக்கிற டாக்டர் பத்மலோசனியிடம் கேட்டோம். குழந்தைகள் மனநலம் பார்க்கிறவர், நிதானமானவர். "எழுத்தை மட்டும் வச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு குழந்தை அப்பாவோட சாவைத் திரும்பத் திரும்ப வேணும்னே நடத்திப் பாக்குதுன்னா, அதுக்கு நாம கிளை கட்டிக் கொடுத்துட்டே இருக்கக் கூடாதும்மா. அந்தப் பாதையை மூடிட்டு, உதவி எண் இருக்கிற பக்கத்துக்குக் கொண்டுபோங்க" என்றார்.

மூடுவதற்குள் எப்படியாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று கடற்கரைப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றாகப் போன் போட்டேன். வீட்டில் அப்பா அடிக்கிற பிள்ளை யாராவது இருக்கிறதா என்று கேட்டேன். தொம்மை சார் சிரித்தார்.

"அடிக்காத அப்பன் எவன்னு கேளுங்க டீச்சர், சட்டுனு சொல்லிருவேன்." அப்புறம் அவர் பாட்டைப் பாடினார். "நம்ம டேப்பு ஒண்ணு வேற வராம நிக்குது. போன ஐப்பசியில ஒரு பய கடல்ல போயிட்டாம்லா, ஜெனிஸ்டன்னு. அவன் கையில இருந்த டேப்பு. எழவு வீட்டுல போயி எப்படிக் கேக்க? மேல இருந்து கணக்கு கேட்டு உயிர வாங்குதாவ."

"சார், நான் உயிரோட இருக்கிற பிள்ளையப் பத்திக் கேக்கேன். நீங்க டேப்புக் கணக்கு சொல்லுதியளே!" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனை வைத்தேன்.

வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் திறக்கவில்லை என்று புகார் மேல் புகார். நானும் எத்தனை நாள்தான் குறுக்கே நிற்பேன்? சரி என்றேன். இசக்கி உத்தரவு கொடுத்தான், நான் ஒப்புதல் கொடுத்தேன். மேஸ்திரி ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பதினோராயிரம் கிளையையும் வெட்டியது. 'அப்பாவை வழியனுப்பு' பொத்தானே போய்விட்டது. அந்த இடத்தில் உதவி எண்ணும் ஒரு பூப்படமும் வந்தன. மரப்படம் பழையபடி மெலிந்து நின்றது. தொம்மை சார் பாடம் திறக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்.

மறுநாள் காலை இசக்கி என்னைக் கூப்பிட்ட குரலே சரியில்லை. "அக்கா, கொஞ்சம் வாங்களேன்."

விளமீன் வந்திருந்தது. அது பேசியதைத் திருத்தத் தெரியாமல், திருத்துகிற ஏஜென்ட் கையை விரித்து அப்படியே அனுப்பியிருந்தது. அந்தப் பிள்ளையின் சொந்தப் பேச்சை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

"எங்கலே எம் புள்ள? எட்டாங்கிளாஸ் போய்க்கிட்டு இருந்தாம்லா? சைக்கிள் வாங்கிக் குடுத்தேம்லா? எங்க கொண்டு போட்டிய?"

அதற்குக் கீழே எங்கள் பாடம் தன் பாட்டுக்குப் பதில் சொல்லியிருந்தது: 'உன் பதில் புரியவில்லை. சரியான தேர்வை யோசித்துப் பார்! குறிப்பு: புயல் வருவதை அப்பாவிடம் சொல்.'

"சொன்னாம்லா. இந்த டேப்பக் காட்டிக் காட்டிச் சொன்னான். அப்பா கூண்டு ஏத்தியிருக்காவ, போவாண்டாம்னு. நாந்தான் சிரிச்சேன். ஏறுலே, ஒண்ணும் ஆவாதுன்னு நாந்தான் ஏத்திட்டுப் போனேன்."

'உன் பதில் புரியவில்லை. மீண்டும் முயற்சி செய்!'

"அந்த அப்பன் பய போயித் தொலையட்டும். எம் புள்ளையக் கரையில வுடுங்க."

'உன் பதில் புரியவில்லை. மீண்டும் முயற்சி செய்!'

இசக்கி தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தான். கீழே மக்ரூன் அடுப்பில் இருந்து வாசனை வந்துகொண்டிருந்தது.

அடிபடுகிற பிள்ளை என்று நாங்கள் தேடியது பிள்ளையே இல்லை, பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன். செத்துப்போன மகனின் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் தன்னை ஒற்றையாகக் கடலுக்கு அனுப்பிக் கொன்றுவிட்டு, மகனைக் கரையில் நிறுத்தி எட்டாம் வகுப்பு வரைக்கும் வளர்த்திருக்கிறான். 'தடு' என்ற பொத்தானை அவன் ஏன் தொடவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தடுத்தால் அப்பா கேட்டுக்கொள்வார் என்று கதையில் எழுதியவள் நான். கேட்காத அப்பன் அவன். என் பாடத்தைச் சரியாகப் படித்து, சரியான பதிலைச் சரியான நேரத்தில் சொன்ன பிள்ளை செத்துப்போயிருக்கிறான். என் கதையில் அதற்கு ஒரு கிளை இல்லை.

"இசக்கி, அதத் திரும்பிக் கொண்டா. எல்லாத்தையும்."

"முடியாதுக்கா."

"முடியாதுன்னா? நேத்துதான வெட்டுனோம்?"

அவன் மேஸ்திரியின் பதிலைக் காட்டினான். 'குழந்தைப் பாதுகாப்பு விதிப்படி முழுவதும் அழிக்கப்பட்டது. நகல் வைக்க அனுமதி இல்லை.' நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்த? இசக்கியையா, கில்பர்ட் சாரையா, அந்தப் பெட்டியையா? கில்பர்ட் சார் தன் அறையில் இருந்து எழுந்து வந்து, எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வேற ஒண்ணு கட்டச் சொல்லிப் பாருங்கலே" என்றார். "அந்தப் பையன மறுபடி எட்டாம் வகுப்புல கொண்டுவந்து நிப்பாட்டுங்க."

எனக்கு நினைவிருந்ததை எல்லாம் மேஸ்திரிக்குச் சொன்னேன். கணக்கு சார், பம்பரம், நீல சைக்கிள், முழங்கால் சிராய்ப்பு. அது மளமளவென்று கட்டியது. 'வழியனுப்பு' பொத்தானையும் திரும்ப வைத்தோம். கில்பர்ட் சார் சொன்னதால் இந்தத் தடவை பச்சை விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. விளமீன் எப்போது வரும் என்று மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வந்தான். 'வழியனுப்பு'வை அமுக்கினான். பள்ளிக்கூடத்துக்குள் போனான். இரண்டு பக்கம் வாசித்தான், மூன்றாவது பக்கத்தில் நின்றான். மைக்கை அமுக்கினான்.

"இது அவன் இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். 'திரும்பிப் போ'வை அமுக்கினான். அத்தனை மாசமாக அவன் தொடாத பொத்தான் அது. மூன்று தேர்வும் இருக்கிற பக்கத்துக்கு வந்தான். அப்புறம் 'நீயும் கூடப் போ'வை அமுக்கினான்.

"ஐயோ" என்றான் இசக்கி.

அந்தக் கிளையில் முதல் பக்கம் எனக்கு மனப்பாடம். வள்ளம் அலை தாண்டிவிட்டது. அப்பா சுக்கானைப் பிடித்திருக்கிறார். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டு விளையாடுகிறாய். கடல் இன்னும் அமைதியாக இருக்கிறது. இதுதான் அந்தப் பக்கம். அடுத்த பக்கத்தில் அலை வரும்.

அவன் அடுத்த பக்கம் போகவில்லை. அங்கேயே இருந்தான்.

நான் தொம்மை சாருக்குப் போன் போட்டேன். திரும்பி வராத டேப் என்று அவர் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சார், அந்த ஜெனிஸ்டனோட அப்பா எப்படி இருக்காவ?"

"இன்னாசியா? அவன் கடலுக்கே போறதில்ல டீச்சர். வீட்டுக்குள்ளேயே கெடக்கான். பொண்டாட்டி மீன் வித்து வந்து சோறு போடுதா. அந்த டேப்பு விஷயமா நாளைக்கு நேர்ல போகலாம்னு இருக்கோம்."

"போவாதிய சார். அதக் கேக்காதிய."

"கணக்கு காட்டணுமே?"

"உடைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

அவர் ஏன் என்று கேட்டார். அப்புறம் சொல்லுதேன் என்றேன். அங்கே போய் அவன் முன்னால் நிற்கலாமா என்று நினைத்தேன். போய் என்னத்தைச் சொல்ல? உன் மகனை எட்டாம் வகுப்பில் வைத்து வெட்டியது நான்தான் என்றா?

போனை வைத்தபோது இசக்கி என் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, பக்கம் தானா நகரப்போவுது."

பிள்ளை ரொம்ப நேரம் ஒரே பக்கத்தில் நின்றால், கவனம் சிதறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மேஸ்திரி அடுத்த பக்கத்தைத் தானே திருப்பிவிடும். அதுவும் நாங்கள் வைத்த வசதிதான். திரையின் ஓரத்தில் சின்ன வட்டம் ஒன்று நிரம்பிக்கொண்டே வந்தது.

'இந்தப் பக்கத்தில் விளமீனுக்குத் தானாகத் திருப்புவதை நிறுத்து' என்று அடித்தேன். அவசரத்தில் இரண்டு எழுத்து தப்பாக விழுந்தது, திருத்தி அடித்தேன்.

மேஸ்திரி காரணம் கேட்டது.

அவனுக்குத் துக்கம் என்று சொன்னால் டாக்டரிடம் அனுப்பச் சொல்லும். பெரியவன் என்று சொன்னால் டேப்பையே பூட்டிவிடும். இசக்கி என்னைப் பார்த்தான், கில்பர்ட் சாரும் பார்த்தார். வட்டம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது.

'பிள்ளை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறான்' என்று அடித்தேன்.

பச்சை விழுந்தது. வட்டம் மறைந்தது. படகில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள்.

அறக்கட்டளைக்காரர்கள் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் தினமும் காலையில் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். டேப்பில் சார்ஜ் தீர்ந்தால் அணைகிறது, மறுபடி வருகிறது, அதே பக்கம்தான் இருக்கிறது.